விலைபோகாத நேரம்

1941ஆம் வருஷம் ஜூலை மாதம் 1ஆம் தேதி பிற்பகல், நியூயார்க் நகரத்தில் டெலிவிஷன் பெட்டி வைத்திருந்த சொற்பமான வீடுகளில், புரூக்ளின் எபெட்ஸ் மைதானத்தில் நடக்கவிருந்த பேஸ்பால் பந்தயத்தைக் காட்டுவதற்குச் சற்று முன்னால், திரையில் ஒரு கடிகாரத்தின் முகம் தோன்றிச் சில விநாடிகள் நின்று மறைந்தது. புலோவா என்னும் கைக்கடிகாரக் கம்பெனி அந்தச் சில விநாடிகளுக்காக என்.பி.சி. ஸ்தாபனத்தின் நிலையத்துக்குக் கொடுத்த தொகை 9 டாலர். காசு வாங்கிக்கொண்டு டெலிவிஷன் ஒளிபரப்பலாம் என்று அமெரிக்க அரசாங்கத்தின் மத்தியத் தகவல்தொடர்புக் கமிஷன் அளித்த அனுமதி அமலுக்கு வந்த முதல் நாள் அது. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே, 1939இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் உருவத்தையே டெலிவிஷன் காட்டியிருந்ததாயினும், விஞ்ஞான விநோதமாக இருந்த அந்தச் சாதனம் வியாபாரமாக மாறியது அந்த 1941ஆம் வருஷத்துப் பிற்பகலில்தான். கம்பெனி கடிகாரத்தை விற்க வந்தது. நிலையமோ அதற்கு நேரத்தை விற்றது.

யுத்தம் குறுக்கிட்டு நாலு வருஷங்கள் அந்த வியாபாரத்தை உறங்கச் செய்தது. யுத்தம் முடிந்த பின் வந்த பதினைந்து வருஷங்களின் சரித்திரத்தைப் பல வகையாகச் சொல்வது வழக்கம். நகைச்சுவை நடிகர்களின் வெற்றிக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. கம்பெனி முதலாளிகளின் போட்டியாகச் சொல்பவர்களும், வீட்டுக் கூடங்களின் அமைப்பையே மாற்றிவிட்ட ஒரு பெட்டியின் கதையாகச் சொல்பவர்களும் உண்டு. அவற்றையெல்லாம் படித்து யோசித்து வந்ததில் என் மனத்தில் ஊன்றிப்போன அபிப்பிராயம் வேறு. அந்த டெலிவிஷன் செய்த உயர்ந்த காரியங்களில் பெரும்பாலானவை, எவரும் வாங்க முன்வராத நேரத்திலோ, வாங்கியிருந்தாலும் இன்னும் விலை ஏறாதிருந்த நேரத்திலோ நிகழ்ந்தன. நேரத்தின் விலை ஏற ஏற அக்காரியங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. அந்தக் காலத்து ஒவ்வொரு சம்பவத்தையும் இந்த ஒரு காரணத்தைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் எந்தச் சம்பவத்தைத் தொட்டாலும் இந்தக் காரணம் அங்கே ஓரளவு தட்டுப்படாமல் இருப்பதில்லை.

நெட்வொர்க் என்று அமெரிக்கர்கள் சொல்லும் ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நிலையத்தின் அலைகள் ஒரு நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டிப் போவதில்லையாதலால், நியூயார்க்கில் நடக்கும் நிகழ்ச்சியைச் சிகாகோவில் காண்பதற்கு இரண்டு ஊர்களுக்கும் நடுவே தகுந்த கம்பித் தொடர்பு வேண்டியிருந்தது. ஏ.டி.அண்ட்.டி. என்னும் டெலிபோன் கம்பெனியின் கோஆக்ஸியல் கேபிள் 1949ஆம் வருஷம் ஜனவரியில் கிழக்குக் கரையையும் மத்திய மேற்குப் பிரதேசத்தையும் இணைத்தது. 1951ஆம் வருஷம் செப்டம்பர் 4ஆம் தேதி, ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஜப்பானிய சமாதான உடன்படிக்கை மகாநாட்டில் ஜனாதிபதி ட்ரூமன் பேசியதை, மலைகளிலும் பாலைவனங்களிலும் நிறுத்தியிருந்த மைக்ரோவேவ் கோபுரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்தி, நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கம்பி எட்டாத ஊர்களுக்குக் கினிஸ்கோப் என்னும் படச்சுருள் போயிற்று. டெலிவிஷன் திரைக்கு எதிரே ஒரு சினிமாக் காமிராவை நிறுத்தி, திரையில் ஓடுவதையே படம் பிடித்து, அந்தச் சுருளை அனுப்பிவைப்பார்கள். சாம்பல் பூத்த மங்கலான அந்தப் படத்தைப் பின்னொரு நாளில் மற்ற ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள். பார்த்து முடிந்த பிறகு அச்சுருளுக்கு மதிப்பொன்றும் இருப்பதாக எவரும் கருதவில்லை.

கம்பியும் கோபுரமும் போட்டுத் திறந்த இந்தப் பாதையில் ஒரு மணி நேரத்தையோ அரை மணி நேரத்தையோ முழுதாக விலைக்கு வாங்கியவர் விளம்பரதாரர். கல்யாண வீட்டில் கச்சேரி வைப்பவருக்கு இன்ன பாட்டு வேண்டும், இன்னது வேண்டாம் என்று சொல்ல இருக்கும் பாத்தியதை எல்லாம் அவருக்கு இருந்தது. நிகழ்ச்சியைத் தயாரிப்பவர்கள்கூடப் பல சமயங்களில் நெட்வொர்க்கைச் சேர்ந்தவர்களல்லர். விளம்பரதாரர் அமர்த்திக்கொண்ட விளம்பர ஏஜென்ஸிக்காரர்கள். 1947ஆம் வருஷம் மே மாதம் என்.பி.சி.யில் தொடங்கிய கிராஃப்ட் டெலிவிஷன் நாடக மேடையை நடத்தியது ஜே. வால்டர் தாம்ஸன் என்ற ஏஜென்ஸி. அந்த நிகழ்ச்சியில் மட்டுமே விளம்பரம் செய்யப்பட்ட ஒரு பாலாடைக்கட்டி கடைகளில் விற்றுத் தீர்ந்த பிறகுதான் இந்தப் புதிய சாதனத்தின் சக்தி வியாபாரிகளுக்கு நன்றாக விளங்கிற்று. 1948இல் நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் பேரும் புகழும் பெற்ற நிகழ்ச்சிக்குப் பெட்ரோல் கம்பெனியான டெக்ஸகோவின் பெயர். செய்தி அறிக்கைக்கு ஒட்டகப் படம் போட்ட கேமல் சிகரெட்டின் பெயர். அந்தச் செய்தியறிக்கையில், ‘புகைபிடிக்காதீர்’ என்ற பலகை எந்தக் காட்சியிலும் தென்படக் கூடாது என்றும், சுருட்டுப் பிடிக்கும் மனிதர்களைக் காட்டக் கூடாது என்றும் நிபந்தனை உண்டு; சுருட்டு விஷயத்தில் சர்ச்சில் ஒருவருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. இவற்றைச் சில்லறை விஷயங்கள் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால், 1959ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், நூரம்பர்க் விசாரணையைப் பற்றிய நாடகமொன்றை ஸி.பி.எஸ். நெட்வொர்க் ஒளிபரப்பியபோது, சமையல் வாயு வியாபாரிகளின் சங்கம் அதன் விளம்பரதாரர்களில் ஒன்றாயிருந்தது என்ற காரணத்துக்காக, யூதர்களைக் கொன்ற விஷ வாயுவைக் குறிக்கும் சொல் வந்த இடங்களிலெல்லாம் நடிகர்களின் உதடுகள் அசைய, ஒலி மட்டும் அணைக்கப்பட்டது. லட்சோபலட்சம் மனிதர்களின் மரணத்தைக் குறிக்கும் சொல்லைக்கூட நேரத்தை வாங்கியவர்களின் சௌகரியத்துக்காக ஊமையாக்க முடிந்தது என்பதை நினைக்கும்போது என் மனம் இன்றும் கொதிக்கிறது.

இந்த ஏற்பாட்டின் ஓரத்தில், போதிய பணமும் போதிய நிலையங்களும் இன்றி, பத்து வருஷங்கள் உயிர்வாழ்ந்து மறைந்த நாலாவது நெட்வொர்க் ஒன்று உண்டு. அதைத் தொடங்கிய ஆலன் டூமான்ட் ரேடியோக் கம்பெனி முதலாளியல்லர், எஞ்சினீயர். இளம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு, படுக்கையிலிருந்த காலத்தில் ரேடியோவின் மேல் பற்றுக்கொண்டவர். முன்பெல்லாம் சில பத்து மணி நேரத்துக்குள் கருகிப்போய்க்கொண்டிருந்த படக்குழாயை ஆயிரம் மணி நேரத்துக்குக் குறையாமல் உழைக்கும்படி செய்து, அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளத்தக்க பொருளாக்கிய பெருமையில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1946ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நியூயார்க்கிலிருந்த தம் நிலையத்தை வாஷிங்டன் நிலையத்தோடு கம்பியால் இணைத்து அவர் நெட்வொர்க் ஆரம்பித்தபோது, என்.பி.சி.யும் ஸி.பி.எஸ்.ஸும் கால் நூற்றாண்டுக் காலத்தை எட்டிக்கொண்டிருந்த ரேடியோ வியாபாரத்தின் செல்வத்தோடும், அதனால் வசமான நடிகர்களோடும், பழகிய விளம்பரதாரர்களோடும், ஊர்தோறும் இருந்த நிலையச் சொந்தக்காரர்களின் சிநேகத்தோடும் இந்தத் துறையில் இறங்கிக்கொண்டிருந்தன. டூமான்டிடம் இருந்ததோ படப்பெட்டித் தொழிற்சாலையும், வானமேக்கர் என்ற பெரிய ஜவுளிக்கடையின் கட்டடத்திலேயே அமைத்துக்கொண்ட ஸ்டூடியோவுந்தான்.

விளம்பரதாரர் வராத நேரம் அவரிடம் ஏராளமாக இருந்தது. அந்த வறுமையே அவருடைய நெட்வொர்க்குக்கு ஒருவிதமான தாராளத்தைக் கொடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய நெட்வொர்க்குகள் ராத்திரி நேரத்தையன்றி வேறெதையும் பொருட்படுத்தாதிருந்த 1948இல், பகல் வேளையிலும் நிகழ்ச்சிகளைத் தொடங்கியது டூமான்ட் நிலையந்தான். ஹாலிவுட்டில் வஞ்சகியாகவும் வேலைக்காரியாகவும் வேஷம் கொடுத்தே காலத்தைக் கழித்த அன்னா மே வாங் என்ற சீன அமெரிக்க நடிகைக்கு, கலைப்பொருள் வாணிபம் செய்துகொண்டே குற்றங்களைத் துப்பறியும் கதாநாயகி பாத்திரத்தை 1951இல் கொடுத்ததும் அங்கேதான். ட்ரினிடாட் தீவில் பிறந்து, பாக்கின் சாஸ்திரீய இசையையும் ஜாஸையும் ஒரே பியானோவில் இசைத்துக் காட்டி வந்த ஹேஸல் ஸ்காட் என்ற கறுப்பினப் பெண்மணி, சொந்தப் பெயரில் ஒரு நெட்வொர்க் நிகழ்ச்சியை நடத்தும் கௌரவத்தை 1950ஆம் வருஷம் அடைந்ததும் அங்கேதான். வேலைக்காரியின் மேலங்கி அணியாமல், சபை நடுவே வீற்றிருக்கும் விதுஷியாக அவர் தோன்றினார். பெரிய கம்பெனிகளின் சந்தையில் எவருக்கு இடமில்லையோ அவருக்கு இந்தச் சிறிய கடையில் இடம் இருந்தது.

ஆனால் அந்த இடமும் நிரந்தரமல்ல. கம்யூனிஸ்டு அனுதாபிகள் என்று சந்தேகிக்கப்பட்ட கலைஞர்களின் பெயர்களைத் தொகுத்து அந்த 1950ஆம் வருஷத்திலேயே வெளியான ஒரு பிரசுரத்தில் ஹேஸல் ஸ்காட்டின் பெயர் இருந்தது. அவர் அஞ்சி ஒளியாமல், தாமாகவே முன்வந்து, செப்டம்பர் மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் விசாரணைக் கமிட்டியின் முன் சாட்சியம் சொல்லி, கலைஞர்களின் பிழைப்பைப் பட்டியல் போட்டுப் பறிப்பது அக்கிரமம் என்று வாதாடினார். ஒரு வாரத்துக்குள் அவருடைய நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. ஏழையாயிருந்ததால் தாராளமாயிருந்த நெட்வொர்க், ஏழையாயிருந்த காரணத்தாலேயே அவருக்காக எதிர்த்து நிற்கவும் வலிமையற்றிருந்தது. டூமான்டின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடக் கூடாது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி 8 மணி மில்டன் பெர்லுடைய நேரம். அந்த நேரத்தில் எதிரே எதை வைத்தாலும் போணியாகாது என்பது தொழிலில் உள்ளவர்களின் தீர்மானமான முடிவு. எவரும் வாங்காத அந்த நேரத்தை 1952ஆம் வருஷம் பிப்ரவரியில் டூமான்ட் நெட்வொர்க் ஃபுல்டன் ஷீன் என்ற கத்தோலிக்க பிஷப்புக்குக் கொடுத்தது. ஒரு கரும்பலகையும் ஒரு சுண்ணாம்புக் கட்டியும் தவிர அவருக்கு வேறு சாதனம் கிடையாது. அடெல்ஃபி நாடக அரங்கின் மேடையில், அங்கி தரித்து நின்று, குறிப்புத் தாள் எதுவுமின்றி, அரை மணி நேரம் தர்மத்தையும் துக்கத்தையும் மனித சுபாவத்தையும் பற்றிப் பேசுவார். பலகை நிறைந்ததும் அவர் காமிராவை நோக்கி நகர்ந்து வந்துவிட, திரையில் தெரியாதபடி ஒருவர் அதைத் துடைத்துவைப்பார். ஒரு சமய உபதேசம் நாட்டின் பிரபல விகடகவிக்கு எதிரே நின்று லட்சக்கணக்கான குடும்பங்களைக் கவர்ந்துகொண்டதைப் பார்த்த பிறகுதான், அட்மிரல் என்ற டெலிவிஷன் பெட்டிக் கம்பெனி அந்த நேரத்தை வாங்க வந்தது. விலையில்லாத நேரத்தில் வேரூன்றியதை விலை பின்னால் வந்து தேடிக்கொண்டது.

இதைவிடப் பெரிய உதாரணம் 1954ஆம் வருஷத்தியது. கம்யூனிஸ்டு வேட்டையால் பேர்பெற்ற செனட்டர் ஜோஸப் மெக்கார்த்திக்கும் ராணுவ இலாகாவுக்கும் நடந்த தகராறைப் பற்றிய விசாரணை ஏப்ரல் 22ஆம் தேதி தொடங்கி ஜூன் 17ஆம் தேதி வரை பகல் வேளைகளில் நடைபெற்றது. என்.பி.சி. ஆரம்பத்தில் சில நாள் காட்டிவிட்டு, பகல் நேரத்து வருமானம் போகிறதென்று விட்டுவிட்டது, ஸி.பி.எஸ். நேரடியாகக் காட்டவேயில்லை. விற்பதற்குப் பகல் நேரம் அதிகமில்லாத இரண்டு நெட்வொர்க்குகளான ஏ.பி.ஸி.யும் டூமான்டும் மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை, நாள் தவறாமல், ஒளிபரப்பின. எதிரே நிற்பவரைப் பேசவிடாமல் குறுக்கிட்டுக் குறுக்கிட்டு, அவதூறை ஆயுதமாகக் கொண்டு, ஒரு தேசத்தையே நாலு வருஷங்களாக நடுங்கவைத்திருந்த மனிதரின் குரலையும் முகபாவத்தையும் ஜனங்கள் மணிக்கணக்கில் இமைக்காமல் பார்த்தார்கள். ராணுவத் தரப்பு வக்கீல் ஜோஸப் வெல்ச், தம் அலுவலகத்து இளைஞன் ஒருவனை மெக்கார்த்தி அநியாயமாகக் களங்கப்படுத்தியபோது, குரல் தழதழக்க அவரைத் தடுத்து, மனிதத்தன்மை உண்டா என்று கேட்டதையும் பார்த்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் செனட் சபை மெக்கார்த்தியைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. பத்திரிகைகளும் நேர்மையான சில செனட்டர்களும் செய்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஜனங்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்துத் தீர்ப்பளிக்க முடிந்ததற்கு, அந்தப் பகல் நேரத்தை வாங்க ஆளில்லாதிருந்தது ஒரு முக்கியமான காரணம்.

டூமான்ட் அதற்குப் பிறகு அதிக நாள் நிலைக்கவில்லை. அதன் வீழ்ச்சிக்கு நிகழ்ச்சிகளின் தரக்குறைவைக் காரணமாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1948ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் தகவல்தொடர்புக் கமிஷன், அலைவரிசைகளில் நேர்ந்த குழப்பத்தைத் தீர்ப்பதற்காக, புதிய நிலையங்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்திவைத்தது. சில மாதங்களில் முடியும் என்று எண்ணிய அந்தத் தடை 1952ஆம் வருஷம் ஏப்ரல் 14ஆம் தேதி வரை நீடித்தது. அத்தனை காலமும் பெரும்பாலான நகரங்களில் ஒன்றோ இரண்டோ நிலையங்கள்தாம் இருந்தன; அவை பழைய ரேடியோ உறவைக் கொண்டு என்.பி.சி.யோடும் ஸி.பி.எஸ்.ஸோடும் சேர்ந்துகொண்டன. தடை நீங்கியபோது வழங்கப்பட்ட புதிய அலைவரிசைகளில் பெரும்பகுதி யு.எச்.எஃப். வகையைச் சேர்ந்தவை, வீடுகளிலிருந்த பெட்டிகளில் அநேகம் அவற்றைப் பிடிக்க மாட்டா, எல்லாப் பெட்டிகளும் அவற்றைப் பிடித்தாக வேண்டும் என்ற சட்டம் 1962ஆம் வருஷத்தில்தான் வந்தது. பெரிய நகரங்கள் ஒவ்வொன்றிலும் நாலு நெட்வொர்க்குகளுக்கும் பழைய வகையிலேயே இடம் கிடைக்கும்படி டூமான்ட் தயாரித்துக் கொடுத்த திட்டத்தைக் கமிஷன் ஏற்கவில்லை. அன்றியும், பாரமவுண்ட் சினிமாக் கம்பெனிக்கு டூமான்டில் பங்கு இருந்த காரணத்தால், அதன் நிலையங்களும் டூமான்ட் கணக்கிலேயே சேர்க்கப்பட்டு, தம் நெட்வொர்க்குக்கு மூன்று நிலையங்களுக்கு மேல் சொந்தமாக வைத்துக்கொள்ள அவருக்கு வழியில்லாமல் போயிற்று. அந்த மூன்றில் லாபத்தை வாரிக் கொடுத்துக்கொண்டிருந்த பிட்ஸ்பர்க் நிலையத்தை 1954ஆம் வருஷக் கடைசியில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிக்கு 97 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றதும் நெட்வொர்க்கின் மூச்சு அடங்கத் தொடங்கிற்று. 1956ஆம் வருஷம் ஆகஸ்டு 6ஆம் தேதி ஒரு குத்துச்சண்டைப் பந்தயத்தைக் காட்டியதோடு எல்லாம் முடிந்தது.

விலைபோகாத நேரத்தை இவ்வளவு உயர்த்திப் பேசும்போது, அந்தக் காலத்தின் தலைசிறந்த சாதனையான நேரடி நாடகங்கள் விளம்பரதாரர்களின் பணத்தில்தானே நடந்தன என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. டயர் கம்பெனியான கூட்இயரின் பெயர் தாங்கிய நாடக நேரத்தில்தான் 1953ஆம் வருஷம் மே 24ஆம் தேதி பேடி சாயெஃப்ஸ்கி எழுதிய ‘மார்ட்டி’ நடிக்கப்பட்டது. பிராங்க்ஸ் பகுதியில் தாயோடு வசிக்கும் ஒரு மாமிசக்கடைக்காரர், அழகில்லாதவர், வயது முப்பத்தாறு, எந்தப் பெண்ணும் தம்மை ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள் என்று மனம் கசந்துபோனவர், ஒரு சனிக்கிழமை ராத்திரி நடன மண்டபத்தில் தம்மைப் போலவே ஒதுக்கப்பட்ட பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தியைச் சந்திக்கிறார், கதை அவ்வளவுதான். ராஜாக்களும் வீரர்களும் இல்லாத அக்கதைக்கு அந்தச் சிறிய திரை மிகப் பொருத்தமாக அமைந்தது. வேறொரு இடத்துக்கு ஓட வழியில்லாமல், அருகே அருகே வந்து முகத்தையே உற்று நோக்க நிர்ப்பந்திக்கப்பட்ட காமிராவுக்கு, மார்ட்டியாக நடித்த ராட் ஸ்டைகரின் முகம் தன்னைத் திறந்து காட்டிற்று. ஒரே முறை, திருத்துவதற்கு வழியில்லாமல், ஓடுகிற கடிகார முள்ளோடு பந்தயமிட்டு, கேபிள்களைத் தாண்டி ஒரு காட்சி அரங்கத்திலிருந்து மறு காட்சி அரங்கத்துக்கு நடிகர்கள் ஓடி, மூச்சிரைப்பை அடக்கிக்கொண்டு வசனம் பேசிய அந்த நாடகங்களில் தவறுகள் நேர்ந்திருக்கின்றன. ஆனால் மேடை நாடகத்தின் உயிர்ப்பும் சினிமாவின் அணுக்கமும் ஒரே சமயத்தில் கூடிய வேறொரு கலை வடிவம் அதற்கு முன்னும் இருந்ததில்லை; அதற்குப் பின்னும் அவ்வளவு தழைக்கவில்லை.

இந்த அதிசயம் நடந்ததற்குக் காரணம் கம்பெனிகளின் கலையார்வம் என்று நான் நம்பவில்லை. 1950இல் அமெரிக்க வீடுகளில் நூற்றுக்கு 9 வீடுகளில்தான் டெலிவிஷன் இருந்தது; பெட்டியை வாங்கியவர்களில் நகரவாசிகளும் ஓரளவு வசதியுள்ளவர்களும் அதிகம்; நாடகத்துக்கு ஆகும் செலவும் குறைவு; நேரத்துக்குக் கொடுக்கும் கட்டணமும் பின்னால் வந்த உயரத்தை எட்டவில்லை. ஆகவே நல்ல பெயர் ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டாலே போதும் என்றிருந்த கம்பெனிகள் எழுத்தாளர்களை ஒருவாறு விட்டுவைத்தன. 1960இல் நூற்றுக்கு 87 வீடுகளில் பெட்டி இருந்தது. சோகமான முடிவுகொண்ட நாடகத்தின் நடுவே சோப்பையும் சலவைத் தூளையும் சிரித்த முகத்தோடு விற்பது எப்படி என்ற சங்கடத்தைத் தாங்கிக்கொள்வதற்கு அப்போது நேரத்தின் விலை இடம் கொடுக்கவில்லை. 1955இல் மிஸிஸிப்பியில் கொடூரமாகக் கொல்லப்பட்ட எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனின் வழக்கால் உள்ளம் கலங்கி ராட் ஸெர்லிங் எழுதிய நாடகம், அடுத்த வருஷம் ஒரு எஃகுக் கம்பெனியின் பெயர் தாங்கிய நேரத்தில் ஒளிபரப்பானபோது, கொல்லப்பட்டவனின் இனமும் போயிற்று. சம்பவம் நடந்த தென்பிரதேசமும் போயிற்று. தெற்கத்திய மணம் வீசும் ஒரு சொல்லோ பொருளோ எங்கும் தங்கிவிடாதபடி தேய்த்துக் கழுவி எடுத்தார்கள்.

ஸி.பி.எஸ். செய்தியாளர் எட்வர்ட் மர்ரோவின் கதையில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ‘ஸீ இட் நௌ’ என்ற அவருடைய நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தது அல்கோவா என்ற அலுமினியக் கம்பெனி. ஏகபோக வழக்கில் தோற்றுப் பெயர் கெட்டிருந்த அக்கம்பெனி இழந்த மரியாதையை மீட்க விரும்பியதேயன்றி, நிகழ்ச்சிக்குள் கைவைக்க விரும்பவில்லை. 1954ஆம் வருஷம் மார்ச் 9ஆம் தேதி மெக்கார்த்தியை அவருடைய சொந்தப் பேச்சுக்களைக் கொண்டே அம்பலப்படுத்திய அரை மணி நேரம், செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு ஒளிபரப்பாயிற்று. அதற்குப் பத்திரிகை விளம்பரம் செய்ய ஸி.பி.எஸ். முன்வராததால், மர்ரோவும் அவருடைய தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃபிரெண்ட்லியும் தங்கள் கைப்பணத்தைப் போட்டு விளம்பரம் செய்தார்கள். மறு வருஷம் ஜூன் 7ஆம் தேதி, அதே செவ்வாய்க்கிழமை, மர்ரோவின் நேரத்துக்கு நேர் முன்னால், 64,000 டாலர் பரிசு கொடுக்கும் வினாவிடைப் போட்டியை ரெவ்லான் என்ற அலங்காரப் பொருள் கம்பெனி தொடங்கிற்று. தேசமே அந்தப் போட்டியின் பித்தாயிற்று. அதையடுத்த அரை மணி நேரத்தின் மதிப்பும் கூடவே ஏறிவிட்டது. அந்த வருஷத்திலேயே அல்கோவா விலகிக்கொண்டது. மர்ரோவின் நிகழ்ச்சி வாரந்தோறும் வருவது நின்று, எப்போதாவது வருவதாகி, 1958இல் முடிந்தேபோயிற்று. அந்த வருஷம் அக்டோபர் 15ஆம் தேதி சிகாகோவில் தம் தொழிலைச் சேர்ந்தவர்களின் கூட்டத்தில் அவர் பேசிய பேச்சில் கேட்டது புரட்சிகரமானது எதுவுமல்ல. பெரிய கம்பெனிகள் தாங்கள் வாங்கி வைத்திருக்கும் நேரத்தில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளின் நேரத்தைத் தேசத்தின் முக்கியமான பிரச்னைகளை ஆராய்வதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். தம் காலத்தின் மிகப் பிரபலமான செய்தியாளர், கொஞ்சம் நேரம் தாருங்கள் என்று கைநீட்டி வேண்டவேண்டிய நிலைமை வந்திருந்தது. வினாவிடைப் போட்டிகளிலோ விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து நடிக்கவைத்தார்கள் என்பது அடுத்த வருஷம் சார்லஸ் வான் டோரன் என்ற போட்டியாளரின் வாக்குமூலத்தால் உலகறிய வெளிப்பட்டது.

நாட் கிங் கோல் என்ற இனிய குரலுடைய பாடகரைப் பற்றி ஒரு வார்த்தை. 1956ஆம் வருஷம் நவம்பரில் என்.பி.சி. அவருக்கென்று ஒரு நிகழ்ச்சியை ஆரம்பித்தது. அவருடைய இசைத்தட்டுகளை வெள்ளையர்களும் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, ஹாரி பெலஃபோன்டே முதலிய பெரிய கலைஞர்கள் மிகக் குறைந்த சம்பளத்துக்கு வந்து அவரோடு பாடினார்கள். தென்பிரதேசத்து வாடிக்கைக்காரர்களின் கோபத்துக்குப் பயந்து எந்தத் தேசியக் கம்பெனியும் அந்த நேரத்தை வாங்க முன்வரவில்லை. என்.பி.சி. ஒரு வருஷத்துக்கு மேல் நஷ்டத்தைத் தானே தாங்கிக்கொண்டு நடத்தியது. அதற்காக அதைப் பாராட்டத்தான் வேண்டும். 1957ஆம் வருஷம் டிசம்பரில் நிகழ்ச்சி நின்றது. ஜனங்கள் கேட்கத் தயாராயிருந்த குரல் அது.

நேரத்தை விற்காமல் வைத்திருக்க ஓர் இடம் வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டவர் ஃப்ரீடா ஹென்னாக். தகவல்தொடர்புக் கமிஷனில் அங்கம் பெற்ற முதல் பெண்மணி அவர். புதிய நிலையங்களுக்குத் தடை அமலிலிருந்த அந்த வருஷங்களில், மற்ற அங்கத்தினர்களின் அலட்சியத்தையும் வியாபாரிகளின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல், கல்வி ஸ்தாபனங்களுக்கென்று அலைவரிசைகளை ஒதுக்கிவைத்தே ஆக வேண்டும் என்று ஓயாமல் வாதாடினார். 1952ஆம் வருஷத்து உத்தரவில் அப்படி 242 அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டன. அடுத்த வருஷம் ஹூஸ்டன் நகரத்துச் சர்வகலாசாலை முதல் நிலையத்தைத் தொடங்கிற்று. பிற்காலத்து அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி முழுவதும் அந்த ஒதுக்கீட்டின்மேல் எழுந்ததுதான். டெலிவிஷனின் முன்னோடிகள் என்று என்.பி.சி.யின் ஸார்னாஃபையும் ஸி.பி.எஸ்.ஸின் பேலியையும் பற்றிப் பெரிய புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களோடு சமமாக வைத்துப் பேசத்தக்கவர் இந்த அம்மையார் என்பது என் அபிப்பிராயம்.

டூமான்ட் நெட்வொர்க்கின் கினிஸ்கோப் சுருள்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் அவற்றை லாரிகளில் ஏற்றிக் கொண்டுபோய் நியூயார்க் விரிகுடா நீரில் கொட்டிவிட்டார்கள் என்று நடிகை ஈடி ஆடம்ஸ் 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நடத்திய விசாரணையில் சாட்சியம் சொன்னார். ஆயிரக்கணக்கான ஒளிபரப்புகளில் சில நூறு மட்டுமே தப்பியிருக்கின்றன. 1954இல் ஸி.பி.எஸ்.ஸில் ஒளிபரப்பான ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ நாடகத்தின் முழுப் பிரதியே 2003ஆம் வருஷத்தில்தான் கண்டெடுக்கப்பட்டது.

ஆயினும் ‘மார்ட்டி’ தப்பியிருக்கிறது. அக்கதையைப் பின்னால் சினிமாவாக எடுத்து, அது ஆஸ்கார் பரிசும் பெற்றுவிட்டதால், பலரும் சினிமாவையே அறிவார்கள். ஆங்கிலம் தெரிந்த வாசகர்கள் அந்த 1953ஆம் வருஷத்துக் கினிஸ்கோப்பைத் தேடிப் பிடித்து, படத்தின் மங்கலைப் பொறுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.